வாயை மூடிக்கொள்ள ஒரு படிப்பு

கடலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றுகொண்டு, 'மனசே சரியில்லைப்பா' என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் நாலு பேர் வைத்தியம் சொல்லிவிடுவார்கள். ஒருத்தர் திருவந்திபுரம் போய்வரச் சொல்வார். இன்னொருத்தர் சில்வர் பீச்சில் காலை வாக்கிங். மூன்றாமவர், 'ஒரு கல்யாணத்தப் பண்ணு, எல்லாம் சரியாயிடும்' என்பார். (மனசு கெட்டதே கல்யாணத்தால்தான் என்றால், அதற்கு நாலாமவரிடம் மருந்து இருக்கும்.) 'உனக்கு என்னப்பா ஆச்சு?' என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரில், சிப்காட் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருஷம் கணக்கு எழுதிய என் நண்பர், வேலையை விட்டுவிட்டு கவுன்சலர் ஆகப்போவதாக அறிவித்தார். அவர் மனைவி கேட்ட முதல் கேள்வி: "எந்த வார்டுங்க? எந்தக் கட்சியில சீட்டு தர்றாங்க?"

மாமனார் விவரமானவர். கவுன்சலிங் என்றால் இன்ஜினீயரிங் சீட்டு என்று தெரியும். தெருவில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் மார்க் ஷீட்டோடு வந்துவிட்டார்.

இந்த விபரீத ஆசைக்கு விதை போட்டது 2004 டிசம்பர் 26. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் சுனாமி கொண்டுபோனது. தேவனாம்பட்டினத்துக்கு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போனவரிடம் ஒரு பெரியவர் பொட்டலத்தை வாங்காமல், போன தன் படகைப் பற்றிப் பேச ஆரம்பித்தாராம். இரண்டு மணி நேரம். இவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்தப் பெரியவரே பொட்டலத்தைப் பிரித்து, "நீயும் ஒரு வாய் சாப்பிடு தம்பி" என்றார்.

பெங்களூர் நிம்ஹான்ஸ்காரர்கள் அப்போது தமிழகக் கடலோரத்தில் சாதாரண ஆட்களுக்கே ஆறுதல் தரப் பயிற்சி கொடுத்தார்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டார். அடுத்த வருஷமே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி. ஓ.டி. ஸ்டேஷனில் பாசஞ்சர் பிடித்தால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை... வண்டியிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

"மொத்தத்துல என்னய்யா படிச்சே?" என்று கேட்டேன்.

"வாயை மூடிக்கறதுக்கு."

விளையாட்டாகச் சொல்லவில்லை. கார்ல் ரோஜர்ஸ் என்று ஒரு அமெரிக்கர் (1902-1987). நம் அண்ணாமலையில் பிள்ளைகள் பி.எஸ்ஸி. அக்ரி சேர்வதுபோல விஸ்கான்சின் யுனிவர்சிட்டியில் விவசாயம் படிக்கச் சேர்ந்தவர். பிறகு சரித்திரத்துக்குத் தாவினார். அப்புறம் பாதிரியாராகலாமென்று நியூயார்க்கில் ஒரு இறையியல் கல்லூரி. கடைசியில் அதே தெருவின் எதிர்ப்பக்கம் இருந்த கொலம்பியா டீச்சர்ஸ் காலேஜில் சைக்காலஜி! நம் வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளையை 'உருப்படாதது' என்போம். அவர்தான் மனநல உலகத்தைப் புரட்டிப்போட்டார். வந்தவனுக்கு என்ன நோவு, எது வழி என்று அவனுக்கே உள்ளூரத் தெரியும். எடைபோடாமல் முழு மனசோடு கேட்டால் போதும் என்றார். சின்ன வயசில் வீட்டு நிலவறையில் போட்டிருந்த உருளைக்கிழங்குகூட, எங்கோ மேலேயிருந்த ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து வெளிறிப்போன முளைவிட்டதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் 1953-ல் தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். (சிறுவர் காமிக்ஸுக்குக் கதை எழுதிக் காசு பார்த்தவரும்கூட.) அவரைப் பார்க்க வந்தவர்கள் வெளியே காத்திருக்கும்போது தொண்டர்கள் டீ போட்டுக் கொடுத்துப் பேச்சைக் கேட்டார்கள். பல பேர், 'பாதிரியாரைப் பார்க்கணும்னு இல்லை, பரவாயில்லை' என்று எழுந்து போய்விட்டார்கள்! அந்த வழியில்தான் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் 'சிநேகா'வை ஆரம்பித்தார்.

அந்த டாக்டரின் இன்னொரு காரியம் நம்ம பக்கத்தில், காட்டுமன்னார்கோவில் கிராமங்களில் நடந்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பேங்க் லாக்கர் மாதிரி ஊர்ப் பொதுக் கட்டடத்தில் பூட்டிவைக்க ஏற்பாடு. சாவி விவசாயி கையில். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. 2013-ல் வெளியான அந்த ஆய்வு சின்னதுதான். ஆனாலும் ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள், சாவுகளும் குறைந்தன. நண்பர் இதை எல்லோரிடமும் சொல்வார். "அந்த வேகம் கொஞ்ச நேரம்தான்யா. வீட்டிலேருந்து லாக்கருக்கு நடக்கிற தூரத்துல ஒருத்தன் மனசு மாறலாம். நான் அந்த தூரம், அவ்வளவுதான்."

சந்தேகம் வந்தால் 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்டுவிடுகிறார். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆளிருந்தால் பாரம்தான் இறங்கும். மருந்து தேவைப்படுமென்று பட்டால், தானே கூட்டிக்கொண்டு அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகிறார். (2021-ல் அரசே எடுத்துக்கொண்டு கடலூர் மாவட்ட மருத்துவக் கல்லூரி ஆக்கிவிட்டது. ஜனங்களுக்கு இன்னமும் 'ராஜா முத்தையா'தான்.) ராத்திரி வேளைக்கு இரண்டு நம்பர் எழுதித் தருகிறார்: 14416, 104. இரண்டுமே இலவசம். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வரத் துடிக்கும் இளைஞர்களுக்கு: அவர் படித்ததுபோல் இப்போது படிக்க முடியாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தபாலிலும் ஆன்லைனிலும் நடத்த யு.ஜி.சி. தடை போட்டுவிட்டது. காலேஜுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேறு வேண்டும். இரண்டு நாள் ஆன்லைன் சர்ட்டிபிகேட்டை நம்பி ராஜினாமா எழுதாதீர்கள். வீட்டு லோன் இருந்தால் இன்னும் இரண்டு தடவை யோசியுங்கள்; நண்பர் வீட்டில் மூன்று வருஷம் மனைவியின் டீச்சர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அவரிடமே யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு பரீட்சை வைக்கிறார். ஆபீஸ் கேன்டீனில் யாராவது கஷ்டத்தைச் சொன்னால் இருபது நிமிஷம் கேட்கவேண்டும். அறிவுரை கூடாது. 'எனக்கும் இப்படித்தான்...' கூடவே கூடாது.

போன மாசம் நெய்வேலிப் பையன் ஒருவன் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தான்.

"ஏழு நிமிஷம்தான் சார் முடிஞ்சுது."

"அடேயப்பா!" என்றார் நண்பர். "நான் மொத தடவை ரெண்டு நிமிஷம்தான் தாங்கினேன். அப்புறம்?"

பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.