விடை என்பது யாது?

நன்னூலார் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் வகுத்துரைத்தார். பிரவேச பண்டித வகுப்பிலே இப்பகுதியைப் பாடஞ் சொல்லுவது எனக்கு எப்பொழுதும் உவப்பான காரியம். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரே விடையாவன. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் நேரே விடையாகாவிடினும் விடையைப் பயப்பன. அதுபற்றி அவையும் விடையென்றே கொள்ளப்பட்டன. 'இது செய்வாயா?' என்று ஒருவன் கேட்க, 'நீயே செய்' என்பது ஏவல். 'கை நொந்தது' என்பது உற்றதுரைத்தல். இரண்டிலும், இவன் செய்யமாட்டான் என்பதைக் கேட்டவன் அறிந்துகொண்டு போகிறான். ஒன்றும் அறியாமற் போவானாயின் அது விடையாகாது. இதனை இருபத்தைந்து ஆண்டுகளாக மாணாக்கருக்குச் சொல்லிவந்த யான், சென்ற ஆண்டிலேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

வகுப்பு முடிந்து புறப்படும் வேளை. மாணவி ஒருத்தி கொப்பியும் கையுமாக வந்து, பழம்பாட்டொன்றில் யானை வருகின்ற இடத்தைக் காட்டி, "ஐயா, 'வெரீஇ' என்றால் என்ன பொருள்?" என்று கேட்டாள். எனக்கோ களைப்பு. இதனையும் யானே சொல்லவேண்டுமா என்ற சலிப்பும் உடன் சேர்ந்தது. "அகராதியைப் பார், பிள்ளை" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அவள் பார்த்திருக்கிறாள். தன்னிடமிருந்த சிறிய அகராதியை இரண்டு மாலைப்பொழுது புரட்டியிருக்கிறாள். அதில் 'வெரீஇ' எங்ஙனம் இருக்கும்? 'வெருவி' என்னும் வினையெச்சம் சொல்லிசையளபெடையாய்த் திரிந்து 'வெரீஇ' என நின்றது. அகராதியிலே 'வெருவு' என்ற இடத்தைப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்க்கவேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியாதது. அவள் கேட்டதும் உண்மையில் அதனையே.

தவணைப் பரீட்சை விடைத்தாள் வந்தது. 'யானை வெறிகொண்டு ஓடியது' என எழுதியிருந்தாள். அஞ்சியோடிய யானைக்கு வெறி பிடித்துவிட்டது! சிவப்பு மைப் பேனாவை எடுத்த கை அப்படியே நின்றது. இந்தப் பிழையிலே பாதி என்னுடையது.

'அகராதியைப் பார்' என்றதும் ஏவல் விடைதானே என்று வாதிக்கும் பண்டிதர்கள் இருக்கிறார்கள். யானும் அன்று மனத்துள்ளே அவ்வாறு வாதித்துப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. 'நீயே செய்' என்ற ஏவலில் வினாவியவனுக்கு வேண்டியது கிடைக்கிறது. என் ஏவலில் அவளுக்குக் கிடைத்தது இரண்டு மாலை நேர வீண் உழைப்பு. "'வெருவு' என்ற சொல்லைப் பார்" என்றிருந்தால் அது விடை. அவளே தேடிக்கொண்டாள் என்ற பயனும் உண்டு. ஒரு சொல்லை மிச்சம் பிடித்தேன்.

என் குற்றம் சோம்பல். அதனினும் பெரிய குற்றம் ஒன்றை நம் இலக்கியக் கூட்டங்களிலே காண்கிறோம். பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் எழுந்து ஐயமொன்றை வினாவுவான். "இதுவும் தெரியாமலா தம்பி கூட்டத்துக்கு வந்தீர்?" என்பார் மேடையிலிருப்பவர். சபை சிரிக்கும். அந்தச் சிரிப்பே அவர் பெற்ற கூலி. நன்னூலார் வகுத்த எட்டினுள் இகழ்ச்சிக்கு இடமில்லை. இளைஞன் அமர்ந்துவிடுவான். அடுத்த கூட்டத்தில் அவனைத் தேடினால் காணமாட்டோம். இளைஞர்களுக்குத் தமிழில் ஆர்வமில்லை என்று அந்தக் கூட்டத்திலும் பேசுவோம்.

1880ஆம் ஆண்டிலே, கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியரான உ. வே. சாமிநாதையரை என்னென்ன நூல்கள் படித்தீர் என்று கேட்டார். ஐயர் அடுக்கிய பெயர்கள் அவரை மகிழ்விக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் அதனைக் கண்டதுமில்லை. அந்த வினா ஐயரைச் சுட்டிருக்கும். ஆயினும் முதலியார் சுட்டதோடு விட்டாரல்லர். சிந்தாமணிப் பிரதியொன்றைக் கையிலே கொடுத்துப் படிக்கச் சொன்னார். அது சமண காவியம். விளங்காத இடங்களுக்கு ஐயர் அவ்வூர்ச் சமணர்களின் வீடு தேடிச் சென்று வினாவினார். வேற்றுச் சமயத்தவராகிய இவருக்கு ஏன் சொல்லவேண்டும் என்று அவர்கள் கதவை அடைக்கவில்லை. தங்கள் நூலை ஒருவர் இத்துணை ஆசையோடு கேட்கிறாரே என்ற மகிழ்ச்சியன்றி அவர்களுக்கு வேறு ஊதியம் யாதிருந்திருக்கும்? 1887இல் சீவகசிந்தாமணி அச்சேறியது.

கேட்போர் எல்லாரும் உத்தமர்கள் என்று யான் சொல்லவரவில்லை. இரவு பத்து மணிக்குக் கைத்தொலைபேசியிலே வினாத்தாளின் படம் ஒன்று வரும். வணக்கமுமில்லை, பெயருமில்லை. 'சேர், விடை அனுப்பவும்.' அறியாமையாற் பிறந்த வினாவன்று அது. எனக்காக நீர் எழுதும் என்னும் ஏவல். முன்னெல்லாம் சினந்து வாளா இருந்துவிடுவேன். இப்போது, 'எதுவரை செய்து பார்த்தீர்? எவ்விடத்தில் நின்றுவிட்டது?' என்று திருப்பி எழுதுகிறேன். பலர் மறுமொழி தருவதில்லை. தருகின்ற சிலருக்காகக் கொஞ்சம் உறக்கம் போனாற் போகட்டும்.

எனக்குப் பாடஞ் சொன்ன ஆசிரியர் ஒருவர், தெரியாத இடம் வந்தால், "தெரியவில்லை, நாளைக்குச் சொல்லுகிறேன்" என்பார். மறுநாட் காலை, பிரார்த்தனை மணி அடிக்குமுன்னே, கேட்டவனைத் தேடி வந்துவிடுவார். மாணவர் கண்ணில் அவர் இதனாற் குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

விடைத்தாளைக் கண்ட அன்று அம்மாணவியை அழைத்து, 'வெரீஇ'யை விளக்கினேன். அன்று யான் சொன்னது போதாதென்றும் சொன்னேன். அவள் சிறிது தயங்கி, கொப்பியின் கடைசித் தாளைத் திறந்தாள். இடப்புறத்தில் வரிசையாகப் பதினொரு சொற்கள், வலப்புறம் வெறுமை. நான்கு மாதமாகச் சேர்ந்தவை. மாலை பஸ்ஸை விட்டுவிட்டு இருவரும் இருந்தோம். ஒன்பதுக்குப் பொருள் எழுதினாள். மற்ற இரண்டையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.