காந்தம் கரண்ட் தருமா?



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மேசையின் மேலேயே வைத்திருக்கிறேன். எழுதியவர் மாவு மில் நடத்துகிறவர். காந்தத்தாலேயே சுழலும் மோட்டார் ஒன்று இருக்கிறதாம். டீசல் வேண்டாம், கரண்ட் பில் கிடையாது, ஒருமுறை தள்ளிவிட்டால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும் என்று செல்போனில் வீடியோ காட்டியிருக்கிறார்கள். பாதிப் பணம் முன்னதாகக் கட்ட வேண்டுமாம். "கட்டலாமா ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

கட்டாதீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். ஏனென்றால் இந்த ஆசை ஒன்றும் கேலிக்குரியது இல்லை. காந்தத்தைக் கையில் வைத்து விளையாடிய எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடிய ஆசைதான் இது. பார்க்க முடியாத ஒரு கை ஆணியை இழுக்கிறது. அந்தக் கைக்குச் சலிப்பே வருவதில்லை. அப்படியானால் அதை ஏன் வேலை வாங்கக் கூடாது?

1269-ஆம் ஆண்டிலேயே பெட்ரஸ் பெரிகிரினஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இப்படி யோசித்திருக்கிறார். காந்தத்தைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கடிதம் இன்றைக்கும் அறிவியல் வரலாற்றில் மதிப்புப் பெற்றது. காந்தத்தின் இரு துருவங்களைத் தெளிவாக விளக்கியவர் அவர். அதே கடிதத்தின் கடைசிப் பகுதியில், காந்தத்தால் ஓயாமல் சுழலும் பல்சக்கரம் ஒன்றையும் விவரித்தார். எழுநூற்றைம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சக்கரத்தை யாராலும் ஓட்டிக் காட்ட முடியவில்லை.

ஏன் முடியவில்லை? இழுப்பது வேறு, ஆற்றல் தருவது வேறு. கோயில் மண்டபத்துத் தூண் நூற்றாண்டுகளாகப் பெரும் பாரத்தைத் தாங்கி நிற்கிறது. அதற்காக அது எதையும் செலவழிக்கவில்லை, எதையும் சம்பாதிக்கவும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தமும் அப்படித்தான். ஒரு பொருள் நகர்ந்தால்தான் கணக்கு தொடங்குகிறது. கிணற்றுக்குள் வாளியை விட்டால் அது தானாகவே வேகமாக இறங்கும். உருளை கடகடவென்று சுழலும். ஆனால் அடுத்த முறை சுழல வேண்டுமானால் வாளியை மேலே இழுக்க வேண்டுமே! இறங்கும்போது கிடைத்ததெல்லாம் ஏற்றும்போது போய்விடும். காந்தத்தை நெருங்கும் இரும்பு வேகம் பெறுகிறது, விலகும்போது அந்த வேகத்தை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. ஒரு சுற்று முடிந்தால் மிச்சம் பூஜ்யம். அச்சாணியின் உராய்வைச் சேர்த்தால் நஷ்டம். காந்தங்களை எந்தக் கோணத்தில் அடுக்கினாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

சரி, காந்தத்துக்குள்ளேயே ஆற்றல் இருக்கிறதே, அதை உறிஞ்சிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. கோலிகுண்டு அளவுள்ள நியோடிமியம் காந்தத்தில் ஒரு ஜூலுக்கும் குறைவாக இருக்கும். 100 கிராம் பொட்டலம் ஒன்றைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்குவதற்குக்கூட அது போதாது. சுவர்க் கடிகாரத்தில் போடும் அளவுள்ள ஓர் அல்கலைன் பேட்டரியில் சுமார் 10,000 ஜூல் இருக்கிறது. காந்தத்தில் இருக்கும் அந்தச் சிறு ஆற்றலும் தொழிற்சாலையில் பலமான மின்சாரத்தைச் செலுத்திக் காந்தமாக்கியபோது நாம் கொடுத்ததுதான்.

காந்தம் சும்மா ஆற்றல் தராது என்பது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, சைக்கிளில் புரிந்தது. அப்பாவின் சைக்கிளில் பின்சக்கரத்தை ஒட்டி டைனமோ இருக்கும். டியூஷன் முடிந்து திரும்பும்போது அதைத் தட்டிவிட்டால் டயரில் சாய்ந்துகொண்டு 'ஙொய்ங்' என்று பாடும். முன்னால் மஞ்சள் வெளிச்சம் விழும். அந்த நொடியே மிதி கனக்கும். மேடு வந்தால் டைனமோவை விலக்கிவிட்டு இருட்டிலேயே ஏறுவேன். டைனமோவுக்குள் இருப்பது காந்தம். வெளிச்சத்துக்குக் கூலி கொடுத்தது என் கால்.

டயரில் உராய்வதால்தானே கனத்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, உராய்வும் ஒரு காரணம்தான். அதனால் போன வாரம் உடைந்த பொம்மைக் காரிலிருந்து மோட்டாரை அதன் பல்சக்கரத்தோடும் டயரோடும் கழற்றி எடுத்தேன். டயரை விரலால் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறது. மோட்டாரின் இரண்டு ஒயர் நுனிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டுச் சுற்றினால், யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல இறுகுகிறது. ஒயரைப் பிரித்தால் மறுபடி இலகுவாகிறது. உராய்வு இரண்டு முறையும் ஒன்றுதான். மின்சாரம் ஓடத் தொடங்கியதும் காந்தம் எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த எதிர்ப்பை மீறி நம் விரல் செய்யும் வேலைதான் மின்சாரமாகிறது. 1834-இல் லென்ஸ் என்ற அறிஞர் வகுத்த விதி இது. வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்து பாருங்கள்.

அயர்லாந்துக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். டப்ளின் நகரத்து ஸ்டியோர்ன் நிறுவனம் 2006-இல் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. காந்தங்களைக் கொண்டு இலவச ஆற்றல் எடுத்துவிட்டோம், விஞ்ஞானிகள் வந்து சோதிக்கலாம் என்று அறைகூவல். 2007-இல் லண்டனில் எல்லோரும் பார்க்கக் காட்சிக்கு வைப்பதாகச் சொன்னார்கள். விளக்குகளின் வெப்பத்தால் கருவி பழுதாகிவிட்டது என்று கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். அவர்களே தேர்ந்தெடுத்த 22 பேர் கொண்ட நடுவர் குழு, ஆற்றல் உண்டாவதாக நிரூபிக்கப்படவில்லை என்று 2009-இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அந்த ஆண்டின் இறுதியில் கருவி ஒருவழியாகக் காட்சிக்கு வந்தபோது அதில் பேட்டரி இருந்தது. 2016-இல் நிறுவனத்தை மூடினார்கள். பணம் போட்டவர்கள் போட்டதுதான்.

காந்தத்தை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது, மேட்டூரில் காவிரி விழுகிறது, முப்பந்தலில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இறக்கைகளைச் சுழற்றுகிறது. மூன்று இடத்திலும் உண்டாகும் சுழற்சியை மின்சாரமாக மாற்றித் தருவது காந்தப்புலம். 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்துக் கொடுத்த வழி அது. காந்தம் நாணயமான தரகர், வாங்கியதைக் கொடுக்கும். சொந்தமாக அதற்கு நிலம் கிடையாது.

மில்காரருக்கு இனிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கரண்ட் பில் உங்களை எவ்வளவு அழுத்துகிறது என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. மில்லின் கூரையில் வெயில் விழுகிறது அல்லவா? உண்மையிலேயே விலையில்லாமல் வருவது அதுதான். கருவிக்கு மட்டும்தான் காசு. சோலார் பலகை போட்டால் எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்று விசாரியுங்கள். அது பென்சிலால் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு.

காந்த மோட்டார்காரர் மறுபடி வந்தால் சண்டை போட வேண்டாம். "உங்கள் மோட்டாரை என் மில்லில் வையுங்கள். பேட்டரியும் ஒயரும் இல்லாமல் ஒரு வாரம் மாவு அரைத்துக் காட்டுங்கள். எட்டாம் நாள் முழுப் பணமும் தருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

மற்ற வாசகர்களும் இப்படி எதற்காவது முன்பணம் கட்டுவதற்கு முன் எங்களுக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். தெரிந்தவர்களிடம் கேட்டுப் பதில் எழுதுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்