கல்லில் நிற்கும் ராக்கெட்டும் காணாத கதவும்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மிட்செல் என்றொரு சிற்றூர் உண்டு. சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர்பெற்ற வட்டாரம் அது. இரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாக 1926ஆம் ஆண்டு அங்குப் பிறந்தவர் விர்ஜில் கிரிசம். 'கஸ்' என்ற செல்லப்பெயரால் அறியப்பட்டவர். விண்ணுக்குச் சென்ற இரண்டாவது அமெரிக்கர். அவருக்காக அவ்வூர் மக்கள் சுண்ணாம்புக்கல்லைச் செதுக்கி, ராக்கெட் வடிவில் உயர்ந்ததொரு நினைவுத்தூணை எழுப்பியுள்ளனர். அருகிலுள்ள ஸ்பிரிங் மில் பூங்காவில் அவர் பெயரால் 1971இல் அமைந்த நினைவகம் ஒன்றும் இருக்கிறது. 1965இல் அவரும் ஜான் யங்கும் பூமியை மும்முறை சுற்றிவந்த ஜெமினி 3 கலத்தை அங்கே காணலாம்.

பெற்ற பிள்ளையை ஊர் மறவாதிருப்பது நல்லதே. அதில் நமக்கு மாறுபாடு இல்லை. தூணின் வடிவத்தின்மீதுதான் நம் வழக்கு. அதன் அடியில் எவ்வெழுத்தைப் பொறித்திருந்தாலும், கண் முதலில் காண்பது மேல்நோக்கிப் பாயும் ஒரு ராக்கெட்டை. கிரிசமோ விண்ணில் பறந்தபோது இறந்தவர் அல்லர். 1967 சனவரி 27 அன்று, எரிபொருளே நிரப்பப்படாத ராக்கெட்டின் உச்சியில், ஏவுதளத்தை விட்டு ஓர் அங்குலமும் எழாத அப்போலோ 1 கலத்தினுள், வெறும் ஒத்திகையின்போது மாண்டார். எட்வர்ட் வைட், ராஜர் சாஃபி என்ற இருவரும் அவருடன் மாண்டனர்.

அச்சாவு எப்படி நேர்ந்தது? கலத்தினுள் தூய பிராணவாயுவை, வெளிக்காற்றின் அழுத்தத்திற்கும் சற்று மிகையாக நிரப்பியிருந்தார்கள். அந்நிலையில் சிறு பொறியும் பெருந்தீயாகும் என்பதைப் பள்ளி மாணவனும் சொல்வான். எளிதில் தீப்பற்றும் பொருள்கள் உள்ளே ஏராளம். கதவோ உட்புறமாகத் திறக்க வேண்டிய கதவு. தீ மூண்டதும் உள்ளழுத்தம் ஏறி, எவராலும் இழுக்கவியலாதபடி அது இறுகிக்கொண்டது. அமைதியான வேளையில்கூட அதைத் திறக்க ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகும். தீ என்ற முதற்குரல் எழுந்து ஏறத்தாழ பதினேழு விநாடிகளில் உள்ளிருந்து வந்த பேச்சு நின்றுபோயிற்று. வெளியிலிருந்தோர் கதவுகளைத் திறக்க ஏறக்குறைய ஐந்து நிமிடங்கள் ஆயின. இவ்வளவுக்கும் அன்றைய ஒத்திகை 'ஆபத்தானது' என்ற வகையிலேயே சேர்க்கப்படவில்லை!

இதைத் 'தியாகம்' என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களை நாம் மறுக்கிறோம். தியாகம் என்றால் கொடுப்பவர் கை வேண்டும். இங்கே இருந்ததோ பறித்த கை. விபத்தை ஆராய்ந்த குழு மின்கம்பிகளின் குறைபாட்டையும் தப்பிக்க வழியின்மையையும் எழுத்தில் வைத்தது. கிரிசமின் மனைவி பெட்டி, கலத்தைக் கட்டிய நிறுவனத்தின்மீது 1971இல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு 3,50,000 டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. கணவரின் சாவைத் தியாகமென்று மட்டுமே அவர் எண்ணியிருந்தால் நீதிமன்றப் படி ஏறியிருப்பாரா?

'தாங்கள் இறந்தால் மக்கள் அதை ஏற்க வேண்டும், பணி நிற்கக் கூடாது என்று கிரிசமே சொன்னாரே' என்பர் சிலர். உண்மை, சொன்னார். ஆனால் அதே மனிதர்தாம், பயிற்சிக் கலம் பழுதுக்கு மேல் பழுதாகி வந்ததைக் கண்டு, தம் வீட்டு எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொண்டுவந்து அதில் தொங்கவிட்டார். உதவாக்கரைப் பொருளை எலுமிச்சை என்பது அந்நாட்டு வழக்கு. ஆபத்தை அறிந்து ஏற்பது வேறு, பிறருடைய அசட்டையை ஏற்பது வேறு. முதலாவதற்குச் சம்மதித்தவரை இரண்டாவதற்கும் சாட்சியாக அழைப்பது முறையன்று.

கதவு அவரை இருமுறை வருத்தியது. 1961 சூலையில் அவர் சென்ற லிபர்ட்டி பெல் 7 கலம் கடலில் இறங்கிய பின், வெடித்துத் திறக்கும் அதன் கதவு தானாகத் திறந்துகொண்டது, கலம் மூழ்கியது, அவரும் மூழ்கத் தெரிந்தார். அஞ்சிப்போய் அவரே திறந்துவிட்டார் என்று பழி சுமத்தினர். 1962இல் வால்ட்டர் ஷிரா தம் கலத்தின் கதவை வேண்டுமென்றே வெடித்துத் திறந்தபோது அவர் கையில் காயம் பட்டது; கிரிசமின் கையிலோ அத்தகைய காயம் இருந்ததில்லை. ஆனாலும் 1983இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று பழைய பழியையே ஊரெங்கும் பரப்பிற்று. கதவு தவறித் திறந்துவிடுமோ என்ற அச்சமும் அப்போலோவின் உள்நோக்கித் திறக்கும் கதவுக்கு ஒரு காரணமாயிற்று என்பார்கள்.

அவர் இறந்த பின்னரே கதவு மாறியது. சில விநாடிகளில் வெளிப்புறமாகத் திறக்கும்படி அமைத்தார்கள். தரையில் நிரப்பும் காற்றில் நைட்ரஜன் கலந்தார்கள். நிலவுக்குப் போனவர்கள் அந்தக் கதவின் பின்னே அமர்ந்து போனார்கள். எரிந்த கலத்தையோ வர்ஜீனியாவில் பூட்டி வைத்தார்கள். அதன் கதவுகள் புளோரிடாவிலுள்ள கென்னடி விண்வெளி மையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2017இல், சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து.

மிட்செல் ஊரின் கல்தச்சருக்கு ராக்கெட் செதுக்கத் தெரியுமானால் கதவு செதுக்கத் தெரியாதா? அந்தத் தூணின் அருகில், சிறுவர் கைக்கு எட்டும் உயரத்தில், பழைய கதவும் புதிய கதவும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகக் கல்லில் நிற்கட்டும். எது எப்பக்கம் திறக்கும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் விடை சொல்லட்டும்.