இரண்டாம் இருக்கை

ராலி எனப்படும் மகிழுந்துப் பந்தயத்தில் வென்றவர் யார் என்று வினவினால், ஓட்டுநரின் பெயரையே நாம் விடையாகக் கூறுகிறோம். அவருக்கு அருகில் அமர்ந்து, மடியில் விரித்த குறிப்பேட்டை உரக்கப் படித்துக்கொண்டே வந்த இணை ஓட்டுநரின் பெயர் நம் நினைவுக்கு வருவதில்லை. இது முறையன்று என்பது என் கருத்து.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டுநர் ஒரே சுற்றுப்பாதையின் வளைவுகளை மீண்டும் மீண்டும் சந்திக்கிறார். 1973ஆம் ஆண்டு தொடங்கிய உலக ராலி வாகையர் போட்டியின் களமோ வேறு. மொனாக்கோவை அடுத்த பனி படர்ந்த மலைச்சாலை, பின்லாந்தின் காட்டு மண்பாதை, கென்யாவின் புழுதிவெளி எனப் பாதை மாறிக்கொண்டே இருக்கும். போட்டிக்கு முன் அப்பாதையைக் கட்டுப்படுத்தப்பட்ட வேகத்தில் இருமுறை மட்டுமே ஓட்டிப் பார்க்கலாம். அப்போது ஓட்டுநர் ஒவ்வொரு வளைவின் தன்மையையும் சொல்லச் சொல்ல, இணை ஓட்டுநர் சுருக்கக் குறியீடுகளால் எழுதிக்கொள்கிறார். வளைவின் கூர்மைக்கு ஓர் எண். பாதை குறுகினால் ஒரு குறி. மேடு வந்தால் மற்றொரு குறி. போட்டியன்று அதனைப் படிப்பது எளிய செயலன்று. முந்திச் சொன்னால் ஓட்டுநர் மறந்துவிடக்கூடும். பிந்திச் சொன்னால் வண்டி பள்ளத்தில் கிடக்கக்கூடும். மேட்டுக்கு அப்பால் பாதை எத்திசையில் திரும்புகிறது என்பதை ஓட்டுநர் காதால்தான் காண்கிறார்.

இம்முறைக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. 1955இல் இத்தாலியின் மில்லே மிலியா என்னும் சாலைப் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் வண்டி ஓட்டினார். அருகில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற இதழாளர் அமர்ந்திருந்தார். பாதைக் குறிப்புகளை நீண்ட தாள்சுருளில் எழுதி, சிறு பெட்டிக்குள் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார் அவர். இரைச்சலில் பேச்சு கேளாதாகையால் கைச்சைகைகளால் உணர்த்தினார். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டரை 10 மணி 7 நிமிடத்தில் கடந்து இருவரும் வென்றனர்.

வண்டியைச் செலுத்துபவர் ஓட்டுநர்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் இடரில் இருவருக்கும் சமபங்கு. 1986 மே 2ஆம் நாள் கோர்சிகாத் தீவில் வண்டி சாலையை விட்டு விலகித் தீப்பற்றியபோது ஹென்றி தொய்வொனனும் செர்ஜியோ கிரெஸ்டோவும் ஒருசேர உயிரிழந்தனர். அதன் விளைவாகப் பேராற்றல் கொண்ட 'பி' பிரிவு வண்டிகள் அவ்வாண்டுடன் உலகப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டன. தொய்வொனனை நினைப்போர் பலர். கிரெஸ்டோவை நினைப்போர் சிலரே. 1981இல் சான்ரெமோ ராலியில் வென்று, உலகப் போட்டிச் சுற்றொன்றில் வாகை சூடிய முதற்பெண் எனப் பெயர்பெற்றார் மிஷேல் மூத்தோன். அவருக்கு வழி சொன்ன ஃபாப்ரிட்சியா போன்ஸும் பெண்ணே என்பதை எத்தனை பேர் அறிவர்? விதிகள் இணை ஓட்டுநருக்கும் உலகப் பட்டம் அளிக்கின்றன. தலைப்புச் செய்திகள்தாம் அளிப்பதில்லை.

பந்தயக்காரர்கள் நம்மைப்போல் மறப்பதில்லை. 2005 செப்டம்பரில் வேல்ஸில் நடந்த ராலியின் இறுதிநாளில், எஸ்தோனியரான மார்க்கோ மார்ட்டினின் வண்டி மரத்தில் மோதியது. இணை ஓட்டுநர் மைக்கேல் பார்க் உயிரிழந்தார், மார்ட்டின் பிழைத்தார். எஞ்சிய பந்தயக் கட்டங்கள் கைவிடப்பட்டன. முன்னணியில் இருந்த செபாஸ்டியன் லோப் அன்று வென்றிருந்தால் உலகப் பட்டம் உறுதியாகியிருக்கும். அத்தகைய நாளில் பட்டம் வேண்டா எனக் கருதிய அவர், வேண்டுமென்றே நேரத் தண்டம் ஏற்றுப் பின்னிடத்திற்கு இறங்கினார். மார்ட்டினோ தம் ராலி வாழ்க்கையையே துறந்தார். அவரால் வண்டி ஓட்ட இயலும். அருகில் அந்தக் குரல் இல்லை.