மர்ம விலங்கு என்று ஒரு விலங்கு கிடையாது

பட்டியில் நாலு ஆடு செத்துக் கிடந்தால், "மர்ம விலங்கு கடித்தது" என்று மறுநாள் செய்தி வந்துவிடுகிறது. அப்படி ஒரு சாதி விலங்கு எந்தக் காட்டிலும் இல்லை. நமக்கு அடையாளம் தெரியலை, அவ்வளவுதான். அதற்கு விலை கொடுப்பவர் ஆட்டுக்காரர்.

சிறுத்தை கடித்தால் இழப்பீடு கேட்டு வனத்துறையிடம் போகணும். திருப்பூர், ஈரோடு பக்கம் தெருநாய்கள் ஆடுகளைக் கொன்று குவித்து, உழவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 2025இல் நாய் கடித்துச் சாகும் கால்நடைக்கும் இழப்பீடு என்று அரசு அறிவித்தது. 'மர்ம விலங்கு' என்று எழுதிவைத்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

இண்டூருக்கு மேற்கே, பென்னாகரம் தாண்டினால் காடு. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என இரண்டு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. அக்கரையில், கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தில், தானியங்கி கேமராவில் ஒரு விலங்கு சிக்கியது. முதுகெல்லாம் வெளுப்பு, அடியெல்லாம் கறுப்பு. இருட்டில் பார்த்தால் யாரும் பேய் என்றுதான் சொல்வார்கள். அது தேன்வளைக்கரடி. சஞ்சய் குப்பி குழுவினர் 2014இல் அதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். படம் இருந்ததால் பெயர் கிடைத்தது.

ஆனால் படமும் ஏமாற்றும். இரவுப் படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். கேமராவுக்குப் பக்கத்தில் வந்த காட்டுப்பூனை சிறுத்தை அளவு தெரியும். அதனால் மறுநாள் அதே இடத்தில் அளவுக்கோல் ஒன்றை நட்டு, அதே கேமராவில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். வாலின் நீளம், காது, புள்ளி பாருங்கள். சிறுத்தையின் புள்ளிகள் பூப்பூவாகக் கூடியிருக்கும். மரநாய்க்கு வால் உடம்பு நீளத்துக்கு இருக்கும். கால்தடத்தையும் விடாதீங்க: நாய்த்தடத்தில் நகம் பதியும், சிறுத்தை நடந்த தடத்தில் பொதுவாகப் பதியாது. சிறுத்தை பெரும்பாலும் கழுத்தைக் கவ்வும். நாய்க்கூட்டம் தொடை, வயிறு என்று கண்ட இடத்தில் குதறும்.

பயத்தில் விஷம் வைத்தால் சாவது எலி தின்னும் காட்டுப்பூனையும் நம்ம வீட்டு நாயும்தான். மின்வேலியில் மனுசரும் சாகிறார்கள். விஷமில்லா வேளாண்மை பேசுகிற நாம் வேலியோரத்தில் விஷம் வைக்கலாமா?

கால்நடை செத்த ஊரில் உடனே கேமரா வைக்கணும், எடுத்த படத்தை ஊராருக்குக் காட்டணும் என்று கிராமசபையில் தீர்மானம் போடுவோம். விலங்கின் பெயர் தெரிந்தால் பட்டியை எப்படிக் கட்டுவது என்பதும் தெரியும், யாரிடம் கேட்பது என்பதும் தெரியும்.