முதுமையும் மூளைக் கட்டியும்

“எழுபதைத் தாண்டியவருக்கு இனி மருந்து எதற்கு? இருக்கும் நாளையாவது நிம்மதியாகக் கழிக்கட்டும்” என்று வீட்டிலுள்ளோர் கூறுவதுண்டு. அன்பினாற் கூறுவதே. எனினும், கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக் கட்டியைப் பொறுத்தவரை அஃது எல்லோருக்கும் பொருந்தும் தீர்ப்பன்று.

இக்கட்டி மூளையிலேயே தோன்றி, சுற்றியுள்ள பகுதிகளில் வேரோடியதுபோல் ஊடுருவுவது. சத்திர வைத்தியர் எத்துணைத் திறமையுடன் அகற்றினும் சிறிது எஞ்சியே நிற்கும். பூரணமாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இதனை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை.

கதிர்ச் சிகிச்சையுடன் டெமோசொலமைட் என்னும் குளிசையையும் கொடுத்தால் நோயாளர் கூடுதலான காலம் வாழ்கின்றனர் என்பது 2005ஆம் ஆண்டில் நிரூபிக்கப்பட்டது. ஆனால் அவ்வாராய்ச்சியில் எழுபது வயதுக்கு மேற்பட்டோர் சேர்க்கப்படவில்லை. இந்நோய்க்கு ஆளாகுவோரிற் பலர் முதியோராயிருக்க, அவர்களையே வாசலில் நிறுத்திவிட்டனர்!

அக்குறை 2017இல் நீங்கியது. அறுபத்தைந்தும் அதற்கு மேலும் வயதான 562 பேருக்கு, வழக்கமான ஆறு வாரத்துக்குப் பதிலாகப் பதினைந்து தடவை மட்டும் கதிர்ச் சிகிச்சை அளித்தனர். அவருட் பாதிப்பேருக்கு இக்குளிசையும் கொடுத்தனர். கதிர் மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 7.6 மாதம், குளிசையும் பெற்றோருக்கு 9.3 மாதம். இதற்கா இத்தனை பாடு என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால் இரண்டாண்டின் பின்னும் உயிரோடிருந்தோர் முதற்பிரிவில் நூற்றுக்கு மூவர். மற்றதில் நூற்றுக்குப் பத்துப் பேர்.

இவ்வேற்றுமைக்கு ஒரு காரணமுண்டு. குளிசை கட்டியின் மரபணுப் பொருளைச் சேதப்படுத்துகின்றது, எம்.ஜி.எம்.ரி. என்னும் புரதம் அச்சேதத்தைப் பழுதுபார்த்து விடுகின்றது. சிலரது கட்டியில் அப்புரதத்தை ஆக்கும் மரபணு அடங்கிக் கிடக்கும். அத்தகையோருக்கு ஆயுள் 7.7 மாதத்திலிருந்து 13.5 மாதமாக உயர்ந்தது. ஒரு பேரப்பிள்ளையின் பிறப்பைக் காண்பதற்கு அந்த ஆறு மாதம் போதுமல்லவா? அத்துடன், இவர்களுள் உடல் நலிந்தவர்களுக்குக் கதிரின்றிக் குளிசை மட்டுமே கொடுக்கலாம் என்பதற்கு 2012இல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சிகள் ஆதாரமாயின. வீட்டிலிருந்தே விழுங்கும் மருந்தாதலின் நாள்தோறும் வைத்தியசாலைக்கு அலைய வேண்டியதில்லை.

தொல்லைகளும் உண்டு. குமட்டல், மலச்சிக்கல், களைப்பு என்பன பொதுவானவை. இரத்தத்தில் வெள்ளணுக்களும் குருதிச் சிறுதட்டுக்களும் குறையலாம். ஆதலால் ஒழுங்காக இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராது அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. குளிசையைப் பிரித்துப் பாலிற் கலந்து கொடுப்பது கூடவே கூடாது.

வயதை மட்டும் வைத்து முடிவு செய்வது தவறென்பது எமது எண்ணம். தாமே நடந்து, தாமே உண்ணும் எழுபத்தெட்டு வயதினர் ஒருவர், படுக்கையிற் கிடக்கும் அறுபத்தாறு வயதினரைவிட மருந்தை நன்கு தாங்கக்கூடும். பின்னவருக்கு மூளை வீக்கத்தைத் தணிக்கும் மருந்தும் வலிப்புக்கான மருந்தும் அன்பான பராமரிப்புமே உகந்தன. அதுவும் சிகிச்சையே, கைவிடுதலன்று.

எம்.ஜி.எம்.ரி. பரிசோதனை சத்திரசிகிச்சையில் எடுக்கும் தசையிற் செய்யப்படுவது. எனவே அச்சமயத்திலேயே வைத்தியரிடம் அதுபற்றி விசாரித்தல் நன்று. நோயாளரின் விருப்பத்தையும் அப்பொழுதே கேட்டறிக. பிள்ளைகள் தமக்குள் கூடிப்பேசி அவரிடம் மறைப்பதையே பெரிதும் காண்கின்றோம். இந்நோய் பேச்சையும் நினைவையும் பறிக்கவல்லது. சில வாரங்கள் தாமதித்தால் அவரால் விடை கூற இயலாது போகலாம்.