கருவிகள் எப்போது பேச வேண்டும்?

அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்பர். இம்முதுமொழி இயந்திரங்களுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

ஒரு கொதிகலனை எண்ணிப் பாருங்கள். உணர்கருவி அதன் வெப்பத்தை அளக்கிறது. கட்டுப்பாட்டுக் கருவி அவ்வளவைப் பெற்று எரிபொருள் வால்வுக்கு ஆணையிடுகிறது. முன்னாளில் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கம்பி இருந்தது. இன்றோ பல கருவிகள் ஒரே தடத்தைப் பகிர்ந்து கொள்கின்றன. மோட்டார் வாகனங்களுக்கென ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ‘கான்’ என்னும் பொதுத்தடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மூல வடிவில் நொடிக்குப் பத்து லட்சம் பிட்டுகளுக்கு மேல் செல்ல இயலாது. இரு கருவிகள் ஒருங்கே பேச முற்பட்டால், முன்னுரிமை பெற்ற செய்தி செல்லும், மற்றது காத்திருக்கும்.

அடிக்கடி அளந்து அனுப்பினால் கட்டுப்பாடு சிறக்கும் என்று பலரும் எண்ணுவர். தனிக் கம்பியில் அது சரியே. பொதுத்தடத்திலோ எல்லாக் கருவிகளும் ஓயாது பேசினால் செய்திகள் தேங்கும். காலங்கடந்து வந்த அளவை நம்பி இடும் ஆணை, வெப்பத்தை அடக்குவதற்கு மாறாக அலைக்கழிக்கும்.

அப்படியாயின் வழி யாது? கடிகாரத்தைப் பார்த்து அனுப்பாமல், அளவு ஒரு குறித்த எல்லையைக் கடக்கும்போது மட்டும் அனுப்பலாம். சுவீடன் நாட்டு அறிஞர்களான ஆஸ்ட்ரோம், பெர்ன்ஹார்ட்சன் ஆகியோர் 1999இல் ஓர் எளிய அமைப்பை இம்முறையில் ஆராய்ந்தனர். சராசரியாக அதே எண்ணிக்கையில் செய்திகள் சென்றும், விலகலின் பரவற்படி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததைக் காட்டினர்.

ஆயினும் இதில் ஓர் ஆபத்து உண்டு. உணர்கருவி மௌனமாயிருந்தால் எல்லாம் நலமென்று பொருளா? கம்பி அறுந்ததென்று பொருளா? ஆகவே நான் சொல்வது இதுதான்: எல்லை கடந்தால் கருவி உடனே பேசட்டும், கடக்காவிடினும் குறித்த காலத்துக்கொருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு சொல் சொல்லட்டும். அச்சொல்லும் வராவிடில் எரிபொருள் வால்வு தானே மூடிக்கொள்ளட்டும்.

அந்தச் சில செய்திகளும் வீண் செலவு என்று வாதிடுவோர் உளர். அவர்களோடு நான் உடன்படேன். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. கொதிகலனருகே நிற்பவர் ஒரு தொழிலாளி. அவருடைய உயிரைச் செலவுக் கணக்கில் சேர்க்க இயலுமா? நாளை இத்தகைய அமைப்புகளை வகுக்கப் போகும் நண்பர்களே, மிச்சம் பிடிக்கும் முன் இக்கேள்வியை எண்ணிப் பாருங்கள்.